நிலை, கதவு, ஜன்னலுக்கு மரம் வாங்குவது எப்படி?

வீடு கட்டுகிறவர்களுக்கு மரத்தின் நினைப்பு வருவது பெரும்பாலும் நிலை வைக்க நாள் குறித்த பிறகுதான். பத்து நாளில் முகூர்த்தம், கையில் ஆசாரி எழுதிக் கொடுத்த அளவுச் சீட்டு. மரவாடியில் போய் நின்றதும் “தேக்கா, வேங்கையா, படாக்கா?” என்று கேட்பார்கள். பேரமும் பணமும் அந்த ஒரு கேள்வியிலேயே கரைந்துவிடும். ஆனால் ஐப்பசி மழையில் கதவு சிக்குவதற்கும், நிலைக்கும் பூச்சுக்கும் நடுவே கோடு விழுவதற்கும், மூன்றாம் வருடம் சட்டத்திலிருந்து மாவு கொட்டுவதற்கும் மரத்தின் பெயர் காரணமாக இருப்பது குறைவு. காயாத மரம், வெள்ளை (பட்டைக்கு அடியிலுள்ள வெளிறிய, மென்மையான பகுதி) கலந்த மரம், நட்டநடு மையம் உள்ளே இருக்கும்படி அறுத்த மரம் ஆகிய மூன்றில் ஒன்றுதான் அநேகமாகக் காரணமாக இருக்கும். நன்றாகக் காய்ந்த, வைரம் (உள்ளே முதிர்ந்து இறுகிய பகுதி) பாய்ந்த வேங்கை கிடைத்தால் ஈரத் தேக்கைத் தாராளமாக விட்டுவிடலாம்.

செங்கல்லும் கான்கிரீட்டுமாகக் கட்டும் நம் ஊர் வீட்டுக்கு நிலை, கதவு, ஜன்னல் மரம் வாங்குவதைப் பற்றியது இந்தக் கட்டுரை. ஓட்டுக் கூரைக்கான மரம் பற்றி இடையில் கொஞ்சம் வரும்.

முதலில் காலண்டர்

கடைக்கால் தோண்டும் வாரத்திலேயே மரவாடிக்குப் போய்விடுங்கள். அடித்தளம் எழும்பி, மண் நிரப்பி, சுவர் தொடங்குவதற்குள் எப்படியும் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். அந்த மாதங்கள் மரம் காய்வதற்கு இலவசமாகக் கிடைக்கும் நேரம். கதவுக்கான 1½ அங்குலப் பலகைக்கு இந்த அவகாசம் ஏறக்குறைய போதும். 3, 4 அங்குலத் தடிமன் நிலைச் சட்டத்துக்குப் போதாது. தடிமன் இரட்டித்தால் காயும் நேரம் இரண்டு மடங்குக்கும் மேலே போகும். அதனால் நிலைக்கு மட்டும் மரவாடியிலேயே பல மாதம் அறுத்து அடுக்கிக் கிடந்த சட்டத்தைத் தேடுங்கள். “நேற்று அறுத்தது, புது மரம்” என்று பெருமையாகக் காட்டினால் அது உங்களுக்கான மரமல்ல. சில ஊர்களில் சூளையில் வைத்து உலர்த்திக் கொடுக்கும் மில்கள் இருக்கின்றன. கன அடிக்குக் கூலி கேட்பார்கள், கதவுப் பலகைக்கு அந்தக் கூலியைக் கொடுக்கலாம்.

பர்மாவில் பழைய நாளில் தேக்கை வெட்டுவதற்குச் சில வருடம் முன்பே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெள்ளையையும் வளையமாகச் செதுக்கி, நின்ற நிலையிலேயே சாக விட்டார்கள். ஆற்றில் மிதக்கும் அளவுக்கு மரம் இலேசாக வேண்டும் என்பது நோக்கம். பர்மா தேக்கு காய்ந்த மரம் என்று பெயர் வாங்கியதில் இதற்கும் பங்கு உண்டு. மியான்மர் 2014 ஏப்ரலிலிருந்து உருட்டு மரம் ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. அதன் பிறகு அங்கிருந்து வருவதெல்லாம் அறுத்த மரம். ஆகவே “பர்மா தேக்குத் தடி, நம் கண்முன்னே அறுத்தது” என்று யாராவது சொன்னால், எந்த வருடத்துத் தடி என்று கேளுங்கள்.

எவ்வளவு வேண்டும்?

மரம் கன அடிக் கணக்கில் விற்கும். கணக்கு ஒன்றுதான்: அகலம் அங்குலத்தில், தடிமன் அங்குலத்தில், நீளம் அடியில் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுக்க வேண்டும்.

இரண்டு படுக்கையறை வீட்டை எடுத்துக்கொள்வோம். தலைவாசல் 3½ அடிக்கு 7 அடி, சட்டம் 5 அங்குலத்துக்கு 4. நெட்டுக்கால் இரண்டு 7 அடி வீதம், மேல் சட்டமும் கீழ்ப்படியும் 4 அடி வீதம் (இரு பக்கமும் சுவருக்குள் போகும் காதுக்காக அரை அடி கூட). மொத்தம் 22 அடி. 22 × 5 × 4 ÷ 144 என்றால் 3.06 கன அடி. உள் கதவு மூன்று, 3 அடிக்கு 7, சட்டம் 4க்கு 3, கீழ்ப்படி கிடையாது. ஒன்றுக்கு 17½ அடி நீளம், 1.46 கன அடி, மூன்றுக்கும் சேர்த்து 4.38. ஜன்னல் ஆறு, 4க்கு 4 அடி, நடுவில் ஒரு கால், சட்டம் 4க்கு 3. ஒன்றுக்கு 21 அடி, அதாவது 1.75 கன அடி; ஆறுக்கும் 10.5. நிலைகள் மட்டும் கூட்டினால் 18 கன அடிக்குப் பக்கம். வெட்டுச் சேதாரம் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைவாசல் கதவை 1½ அங்குலச் சட்டமும் ஒரு அங்குலப் பலகையுமாகச் செய்தால் சேதாரத்தோடு 3 கன அடி பிடிக்கும்.

ஆசாரி எழுதும் சீட்டில் மொத்தக் கன அடி மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்து, எந்த அளவுச் சட்டம், எந்த நீளத்தில், எத்தனை என்று எழுதி வாங்குங்கள். சீட்டில் 7 அடி என்று இருந்து கடையில் 8 அடியும் 10 அடியும்தான் இருந்தால், 10 அடியில் 7 போக மிஞ்சும் 3 அடிக்கு வேலை இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். உள் கதவு மேல் சட்டத்துக்கு 3½ அடி வேண்டும், ஆகவே 3 அடித் துண்டு வீண். 10½ அடி கிடைத்தால் ஒன்றும் வீணில்லை.

எந்த மரம்?

தேக்கை எல்லோரும் கேட்பதற்குக் காரணம் அதன் பலமல்ல. அதைவிடப் பலமான மரங்கள் நிறைய உண்டு. ஈரம் ஏறி இறங்கும்போது தேக்கு அதிகம் அசையாது, உள்ளிருக்கும் எண்ணெயால் கரையானுக்கும் அவ்வளவாக ஆகாது, உளி சொன்ன பேச்சைக் கேட்கும். கதவுக்கு வேண்டிய குணம் அந்த அசையாமைதான். ஆகவே பணம் குறைவாக இருந்தால் தேக்கைக் கதவுக்கு வைத்துக்கொண்டு நிலைக்கு வேறு மரம் போடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நாட்டுத் தேக்கு, நிலம்பூர் தேக்கு, பர்மா தேக்கு என்பவை ஒரே இனத்து மரங்கள். கானா, டோகோ, நைஜீரியா, பிரேசில், கொலம்பியா, பனாமா என்று ஊர்ப்பெயரோடு வருபவையும் தேக்கே. அவற்றில் பெரும்பகுதி தோட்டத்தில் வளர்த்து இளமையிலேயே வெட்டியவை. வேகமாக வளர்ந்ததால் தேக்கு பலவீனம் என்று சொல்ல முடியாது. சுற்றளவு சிறிது, அதனால் ஒவ்வொரு சட்டத்திலும் வெள்ளையும் நடு மையமும் வந்து சேரும் என்பதுதான் சிக்கல். விலை சுற்றளவுக்கு ஏற்ப ஏறுவதும் இதனால்தான். “ஆப்பிரிக்கன் தேக்கு” என்று பொதுவாகச் சொன்னால் உஷாராகுங்கள். இரோகோ முதலிய வேறு மரங்களும் அந்தப் பெயரில் போகின்றன. “வெள்ளைத் தேக்கு” என்பது குமிழ் மரம். இவை மோசமான மரங்கள் அல்ல, ஆனால் தேக்கு விலைக்கு வாங்கக் கூடாது.

வேங்கை நிலைக்கு அருமையான மரம், கனமும் உழைப்பும் உள்ளது. ஈரம் பட்டால் மஞ்சளாகச் சாயம் விடும், வெள்ளைப் பூச்சில் கறை ஏறும். இரும்பு ஆணி பட்ட இடம் கறுக்கும். அதே சாயம் சோதனைக்கும் உதவுகிறது. இழைப்புச் சுருளைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுச் சிறிது நேரம் கழித்து, பின்னால் கறுப்புத் துணி பிடித்து வெயிலில் பாருங்கள். வேங்கையின் வைரமாக இருந்தால் தண்ணீரின் ஓரத்தில் நீலம் மினுங்கும். வேங்கை என்று சொல்லி விற்கும் பல சிவப்பு மரங்களை இந்த டம்ளரில் கழித்துவிடலாம்.

படாக் இப்போது அதிகம் வருவது ஆப்பிரிக்காவிலிருந்து. அறுத்த புதிதில் குங்குமச் சிவப்பாக ஆளை மயக்கும், ஒன்றிரண்டு வருடத்தில் காப்பிப் பழுப்பாகிவிடும். அந்தச் சிவப்புக்காக வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். மற்றபடி அசைவு குறைந்த, நல்ல மரம். கோங்கு கல் மாதிரி கனம். நிலைக்கும் உத்திரத்துக்கும் சரி, கதவுக்கு வேண்டாம், கீல் தாங்காது. சால் மரமும், “மலேசியா சால்” என்ற பெயரில் பலாவ் முதலாகப் பல இன மரங்களும் மலிவாகக் கிடைக்கும். பலம் உண்டு, ஆனால் காயும்போது முகத்தில் மயிர் வெடிப்பு விடும், துளை போடாமல் ஆணி அடித்தால் பிளக்கும். பெயின்ட் அடிக்கப்போகும் ஜன்னல் நிலைக்குப் போதும்.

வேம்பைக் கரையான் தின்னாது என்ற நம்பிக்கை பாதி உண்மை. முதிர்ந்த வேம்பின் வைரத்துக்கு அது பொருந்தும். வெள்ளையைப் பூச்சி தின்னும், முறுக்கிக்கொள்ளும் குணமும் உண்டு. பலா, பூவரசு, வாகை எல்லாம் சொந்தத் தோட்டத்தில் முதிர்ந்து நின்றால் பயன்படுத்தலாம், கடையில் தேடி வாங்க வேண்டிய அவசியமில்லை. மா, ரப்பர், சில்வர் ஓக் மூன்றையும் நிலைப் பக்கமே விடாதீர்கள்.

ஒரு வீட்டுக்கு ஒரே மரம்தான் போட வேண்டும் என்று சில ஊர்களில் சொல்வார்கள். தனித்தனி நிலைகள் வேறுவேறு மரமாக இருப்பதால் ஒன்றும் கெடாது. ஒரே நிலையின் காலும் மேல் சட்டமும் வேறு மரமாக இருந்தால்தான் அசைவு வேறுபட்டு மூட்டு வாய் திறக்கும்.

மரவாடியில்: ஒரு சட்டத்தை எப்படிப் பார்ப்பது

காலை வெளிச்சத்தில் போங்கள். கையில் டேப், சிறிய உளி, ஈரத் துணி, நூல்கண்டு, ஒரே அளவில் வெட்டிய இரண்டு நேரான ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) துண்டுகள் இருக்கட்டும். ஆசாரியைக் கூட்டிப் போவது நல்லது. கடைக்காரர் ஆசாரிக்கு ஏதாவது தருகிற வழக்கம் பல ஊர்களில் உண்டு என்பதால், அவர் பார்த்ததை நீங்களும் பாருங்கள்.

எடுத்தவுடன் சட்டத்தின் தலையைப் பாருங்கள், அதாவது குறுக்கே வெட்டிய முகத்தை. செம்மண் வண்ணமோ மெழுகோ பூசியிருக்கும். தலை வழியாக மரம் வேகமாகக் காய்ந்து பிளக்காமல் இருக்க அது தேவைதான், அதை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் ஒரு அங்குலம் அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஈரத் துணியால் துடைத்தால் வருட வளையங்கள் தெளியும். தேக்கானால் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் கண்ணுக்குத் தெரியும் துளைகள் வரிசையாக நிற்கும். அறுத்த இடத்தில் தோல் பதனிட்டது போன்ற வாசம் வரும். கைவிரலில் எண்ணெய்ப் பிசுக்கு தட்டும்.

இந்த முகத்தில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். வளையங்கள் சுற்றிச் சுருங்கி ஒரு புள்ளியில் முடிந்தால் அது மரத்தின் நட்டநடு மையம். அந்தச் சட்டம் இன்றைக்கு எவ்வளவு நேராக இருந்தாலும் ஒரு முகத்தில் நீளமாகப் பிளந்தே தீரும். வளையத்தின் போக்கில் மரம் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மையத்தை உள்ளே வைத்துக்கொண்ட சட்டத்துக்குப் பிளப்பதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்தது வெள்ளை. தேக்கில் வைரம் பொன்பழுப்பு, வெள்ளை வெளிர்மஞ்சள், எல்லை பளிச்சென்று தெரியும். ஒரு மூலையில் அரை அங்குல வெள்ளை, அதுவும் அறைப் பக்கம் வருமானால் பொறுத்துக்கொள்ளலாம். சுவர்ப் பக்கம் ஒரு நூல் வெள்ளையும் வேண்டாம். கரையான் வரும் வழி அது. மூன்றாவது, வளையத்தோடு சேர்ந்து வளைந்து ஓடும் பிளவு. தலையில் மட்டும் இருக்கும் நேர்க்கோட்டு வெடிப்பை வெட்டி எறியலாம். வளைந்த பிளவு உள்ளே எவ்வளவு தூரம் போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது, அந்தச் சட்டத்தை ஒதுக்கிவிடுங்கள்.

தலை சரியென்றால் உடம்பு. சட்டத்தை ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாட்டில் பாருங்கள். வளைவு தெரிந்தால் இரு முனைக்கும் நூல் இழுத்து அளக்கலாம். 7 அடியில் கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் இழைப்பில் சரியாகாது. முறுக்கு இன்னும் மோசம், கண்ணுக்குச் சுலபமாகத் தெரியவும் தெரியாது. இரண்டு ரீப்பர் துண்டுகளையும் சட்டத்தின் இரு முனையிலும் குறுக்கே வைத்து, குனிந்து ஒன்றின் மேல்விளிம்பை மற்றதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் இணையாக இல்லாமல் ஒரு பக்கம் தூக்கி நின்றால் முறுக்கு. முறுக்கிய நிலையில் கதவு ஒருநாளும் நாலு மூலையும் சேர்ந்து உட்காராது.

கணுவில் எல்லாம் கெட்டதல்ல. சுற்றியுள்ள மரத்தோடு இறுகிக் கிடக்கும் கணு, முக அகலத்தில் கால் பங்குக்குள் இருந்தால், அதாவது 3 அங்குல முகத்தில் முக்கால் அங்குலத்துக்குள், பரவாயில்லை. மூட்டு, கீல், பூட்டு வரும் இடத்தில் மட்டும் இருக்கக் கூடாது. கறுப்பு வளையம் கட்டி ஆடும் கணு, பின்னாளில் ஓட்டை. மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்திருப்பார்கள். உளி முனையால் சுரண்டினால் தூளாக வரும். சாயமும் அப்படித்தான். உளியால் ஒரு செதுக்குச் செதுக்கினால் அடியில் வெளுப்பு தெரிந்துவிடும்.

ஓட்டைகளைப் பார்த்துப் பயப்படும் முன் அளவைப் பாருங்கள். தேக்கில் விரல் பருமன் ஓட்டை, மரம் உயிரோடு நின்ற காலத்தில் புழு குடைந்தது. அறுத்த மரத்தில் அது பரவாது, அழகும் பலமும் குறையும், அவ்வளவுதான். ஊசி முனை ஓட்டையும் அடியில் நைஸான மாவும் இருந்தால் உளுப்பூச்சி வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சட்டத்தை மட்டுமல்ல, அந்த அடுக்கையே விட்டுவிடுங்கள்.

ஈரத்தை அளப்பது

கதவு ஜன்னல் மரத்தில் ஈரம் எவ்வளவு இருக்கலாம் என்று ஐ.எஸ். 287 என்ற இந்தியத் தரநிர்ணயம் நாட்டை நாலு மண்டலமாகப் பிரித்துச் சொல்கிறது. நமக்கு வேண்டிய சுருக்கம்: நிலைச் சட்டம் 16 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, கதவுச் சட்டமும் பலகையும் 12 முதல் 14க்குள் நிற்க வேண்டும். ஏசி அறைக்கென்றால் இன்னும் கீழே.

இரண்டு ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானி ஒன்றை வாங்கலாம், அல்லது ஆசாரியிடமோ பொறியாளரிடமோ இரவல் கேட்கலாம். தலையில் குத்தினால் பொய் சொல்லும், அங்கேதான் மரம் முதலில் காயும். முனையிலிருந்து ஒரு அடிக்கு மேல் உள்ளே, அதுவும் முடிந்தால் புதிதாக அறுத்த முகத்தில் குத்துங்கள். வெளியே 13, அறுத்த உள்முகத்தில் 22 என்று காட்டும் சட்டங்கள் சர்வசாதாரணம்.

கருவி இல்லையென்றால் சமையலறையே போதும். முனையிலிருந்து ஒரு அடி தள்ளி முக்கால் அங்குலக் கனத்தில் ஒரு துண்டு வெட்டி, உடனே எடை போடுங்கள். 128 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஓவனில் 100 டிகிரியை ஒட்டி வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து எடை போட்டு, எடை இறங்குவது நின்றதும் குறித்துக்கொள்ளுங்கள். 109 என்றால், குறைந்த 19ஐ 109ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 17.4 சதவீதம். வகுப்பது காய்ந்த எடையால், ஈர எடையால் அல்ல.

அதுவும் முடியாதபோது எடை கைகொடுக்கும். காய்ந்த தேக்கு கன அடிக்கு 18, 19 கிலோ. 5க்கு 4ல் 7 அடிச் சட்டம் 0.97 கன அடி, ஆகவே 18 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். 23, 24 காட்டினால் நீங்கள் தண்ணீருக்கும் விலை கொடுக்கிறீர்கள். வேங்கை, படாக்குக்கு 21 முதல் 23 கிலோ, கோங்குக்கு 27 வரை போகும்.

இந்தச் சதவீதங்கள் வெறும் கணக்கல்ல. 10 அங்குல அகலத் தேக்குப் பலகை, படுக்கை வாட்டத்தில் (வளையங்கள் அகல முகத்தை ஒட்டி வரும்படி) அறுத்தது, 20 சதவீதத்தில் கதவாகி வீட்டுக்குள் 12க்கு இறங்கினால் சுமார் 3 மில்லிமீட்டர் சுருங்கும். சித்திரை வெயிலில் கதவுப் பலகையின் ஓரத்தில் பாலிஷ் படாத வெள்ளைக் கோடு தெரிவது இதனால்தான்.

அளவும் பில்லும்

கடையில் 5க்கு 3 என்று சொல்லும் சட்டத்தை டேப் வைத்து அளந்தால் பலமுறை 4¾க்கு 2¾ இருக்கும். விலை போடுவது 15 சதுர அங்குலத்துக்கு, கையில் வருவது 13.06. நூற்றுக்குப் பதின்மூன்று போயிற்று. அதை ஆசாரி இழைத்தால் இன்னும் ஒரு கால் அங்குலம் குறையும். ஆகவே முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்: இருக்கிற அளவுக்குக் கணக்கா, பெயரளவுக்கா? இழைத்த பின் 5க்கு 3 வேண்டும் என்றால் அறுத்த அளவு 5¼க்கு 3¼ என்று சீட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு சட்டத்தின் இரு முனையையும் நடுவையும் அளந்து, சிறியதைக் கணக்கில் எடுக்கச் சொல்லலாம், அது ஒன்றும் தகராறு அல்ல. தேர்ந்தெடுத்த சட்டங்களில் சாக்பீஸால் உங்கள் கையெழுத்தைப் போட்டு, அங்கேயே நின்று வண்டியில் ஏற்றுங்கள்.

பில்லில் மர இனம், நாடு, கன அடி மூன்றும் இருக்கட்டும்.

சொந்தத் தோட்டத்து மரம் என்றால் கணக்கு வேறு. உருட்டு மரத்தை நடுச்சுற்றளவில் கால் பங்கை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுப்பார்கள். 48 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளம்: 12 × 12 × 10 ÷ 144, அதாவது 10 கன அடி. உண்மையில் அந்தத் தடியில் 12.7 கன அடி மரம் இருக்கிறது. பட்டையும் அறுவைச் சேதமும் போகட்டும் என்று இந்த முறையிலேயே குறைத்து வைத்திருக்கிறார்கள். அப்படியும் அந்தப் பத்தும் சட்டமாக வராது. வெள்ளையும் மையமும் கழித்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலே தேறினாலே நல்ல தடி. தேக்கை வெட்டி வண்டியில் ஏற்றுவதற்கு முன் வனத்துறை அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டா நிலத்து மரமானாலும் தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகள், 1968 பொருந்தும். அனுமதிச் சீட்டில்லாத வண்டி சாலையில் நின்றுவிடும்.

ஓட்டுக் கூரைக்கு

தாழ்வாரத்துக்கோ மொட்டை மாடிக் கொட்டகைக்கோ மங்களூர் ஓடு போடுகிறவர்கள், ரீப்பர் வாங்கும் முன் ஓடுகளை வாங்கிவிடுங்கள். ரீப்பர் இடைவெளி ஓட்டின் காதுக்குக் காது அளவு, அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொதுவாக ஒரு அடிக்குச் சற்று மேலே வரும். ரீப்பரில் கணு இருந்தால் அங்கேதான் ஒடியும், அதனால் கணு விஷயத்தில் நிலையைவிட இங்கே கறாராக இருக்க வேண்டும். பனங்கை (பனைமரச் சட்டம்) வாங்குவதானால் முதிர்ந்த பனையாகப் பாருங்கள். பனையில் வைரம் வெளிப்புறம், நடுவில் சோறு. மற்ற மரங்களுக்கு நேர் எதிர்.

வீட்டு மனையில் அடுக்குவது

வந்த மரத்தைச் சுவரில் சாய்த்து வைத்தால் ஒரு மாதத்தில் வில்லாக வளையும். தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குக் கல் வைத்து, சமமட்டம் பார்த்து, மேலே சட்டங்களை அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ஒரு அங்குலச் சதுரக் குச்சிகள், இரண்டடிக்கு ஒன்று. மேல் குச்சி கீழ்க் குச்சியின் நேர் மேலே வர வேண்டும், இல்லையென்றால் அடுக்கே மரத்தை வளைத்துவிடும். உச்சியில் நாலைந்து கான்கிரீட் கல் பாரம். மேலே மட்டும் தகரமோ தார்ப்பாயோ, பக்கங்கள் திறந்திருக்கட்டும். தார்ப்பாயால் சுற்றிக் கட்டினால் உள்ளே புழுங்கிக் கறுப்புப் பூஞ்சை பூக்கும். நேர் வெயிலும் கூடாது. முகம் காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் வெடிக்கும். வெட்டிய தலைகளுக்குப் பழைய பெயின்ட் ஒரு பூச்சு. சுவருக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாய் எட்டாத மூலையாக இருக்கட்டும்.

வெள்ளை கலந்த ஜன்னல் சட்டம் வேறு வழியில்லாமல் வாங்க நேர்ந்தால், போரிக் அமிலம் ஒரு பங்கு, போராக்ஸ் ஒன்றரைப் பங்கு தண்ணீரில் கரைத்து ஊறப் போட்டு, மறுபடி காயவைத்துப் பயன்படுத்தலாம். மழை படும் இடத்தில் மருந்து கரைந்து போய்விடும், உள்பக்கத்துக்கு மட்டும்தான் அது.

நிலை நிறுத்தும்போது

சுவரில் மறையும் பக்கத்துக்குத் தார், மற்ற மூன்று பக்கத்துக்கும் பிரைமர். இரண்டும் நிலையைத் தூக்கி வைப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பிறகு அடிக்கலாம் என்று விட்டால் சிமென்ட் பால் இறங்கி மரத்தில் கறை ஏறும், சுவருக்கு ஊற்றும் தண்ணீரையும் மரம் குடிக்கும். 7 அடிக் காலுக்கு ஹோல்டு ஃபாஸ்ட் (நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டை) மூன்று: மேலிருந்து ஒரு அடி, கீழிருந்து ஒரு அடி, நடுவில் ஒன்று. ஆணியால் தட்டாமல் திருகால் முடுக்குங்கள். சுவருக்குள் இருக்கும் பாகத்தைச் செங்கல் துண்டு வைத்து அடைக்காமல் கான்கிரீட் போடச் சொல்லுங்கள்.

மூலைவிட்டம் இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று டேப் பிடியுங்கள். 3½க்கு 7 அடி நிலைக்கு வெளி மூலையிலிருந்து வெளி மூலைக்கு ஏறத்தாழ 94 அங்குலம் வரும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு நூலுக்கு (அரைக்கால் அங்குலம்) மேல் போனால் சரிசெய்த பிறகு குறுக்கு ரீப்பர் அடித்து, சுவர் இறுகும் வரை அப்படியே விடுங்கள். பூஜை முடிந்த கையோடு அந்த ரீப்பரைப் பிடுங்கிச் சாரத்துக்கு எடுத்துப் போவது வழக்கமான விபத்து. கீழ்ப்படி இல்லாத உள் நிலைகளின் கால் முனையைத் தரைக் கான்கிரீட்டுக்குள் புதைக்காதீர்கள், அடியில் ஒரு அங்குல கிரானைட் துண்டு வையுங்கள். டைல்ஸ் போட்ட பிறகு வரும் தரைமட்டத்தைச் சுவரில் கோடு போட்டு வைத்துக்கொண்டால் இதில் குழப்பம் வராது.

குளியலறைக்கு மர நிலையே வேண்டாம். கிரானைட் சட்டமோ, டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) நிலையோ போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் கதவு மாட்டுங்கள். மற்ற உள் அறைகளுக்கு ஐ.எஸ். 2202 முத்திரையுள்ள ஃபிளஷ் கதவு (இரு முகமும் தட்டையான ஆயத்தக் கதவு) போதும். சரியான அளவைச் சொல்லி வாங்குங்கள். ஓரத்தில் ஒட்டியிருக்கும் கட்டையைத் தாண்டி அறுத்தால் உள்ளிருக்கும் அடைப்பு வெளியே வந்து, கீல் திருகு பிடிக்காது.

கதவு செய்து மாட்டும்போது

கதவைப் பூச்சு வேலை முழுவதும் முடிந்து, சுவர் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். பூச்சு ஈரத்தில் மாட்டிய காய்ந்த கதவு, ஒரு வாரத்தில் ஈரக் கதவாகிவிடும்.

அகலப் பலகை ஒன்றைப் போடுவதைவிட 4, 5 அங்குலப் பலகைகளை இணைத்துப் போட்டால் கிண்ணமாக வளையாது. பலகை சட்டத்தின் காடிக்குள் (செதுக்கிய பள்ளத்துக்குள்) சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 2, 3 மில்லிமீட்டர் இடம் விட்டு, பசை தடவாமல் செருகச் சொல்லுங்கள். ஒட்டிவிட்டால் சுருங்க வழியில்லாமல் பலகை நடுவில் பிளக்கும். பாலிஷைப் பலகைக்கு முதலில் அடித்துவிட்டுப் பிறகு செருகினால் வெள்ளைக் கோடும் தெரியாது. கதவின் மேல்விளிம்புக்கும் அடிவிளிம்புக்கும் பாலிஷோ பெயின்டோ கட்டாயம். கண்ணில் படாத இடம் என்று ஆசாரி விட்டுவிடுவார், மழைக்கால ஈரம் முதலில் ஏறுவது அந்த வெட்டு முனைகளில்தான்.

தேக்குக் கதவு 45 கிலோ வரை வரும். 5 அங்குலக் கீல் நாலு போடுங்கள்; பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ, திருகும் அதே உலோகத்தில். கதவுக்கும் நிலைக்கும் இடையே விடும் சந்து மாதத்தைப் பொறுத்தது. கோடையில் மாட்டினால் கதவு ஏற்கெனவே சுருங்கிய நிலையில் இருக்கிறது, பூட்டுப் பக்கம் 3 மில்லிமீட்டர் விடுங்கள். கார்த்திகையில் மாட்டினால் 2 போதும். முதல் மழைக்காலத்தில் கொஞ்சம் இறுகினால் உடனே இழைப்புளியைத் தூக்க வேண்டாம். தை பிறந்து காற்று உலர்ந்ததும் பாருங்கள், அப்போதும் உரசினால் மட்டும் அந்த இடத்தை இழைத்து, இழைத்த இடத்துக்குப் பாலிஷ் வைத்துவிடுங்கள்.